பத்தாயிரத்து ஒரு நாற்று

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, கேட்ட நேரத்தில் மழை பெய்த நாளில், நீர்மங்கலம் என்றொரு ஊர். அங்கே செங்கமலம் என்று ஒருத்தி. கல்யாணமான மூன்றாம் வருஷமே புருஷன் போய்ச் சேர்ந்தான். அவளுக்கென்று இருந்தது ஐந்து வயசு மகள் குயிலி மட்டும்தான்.

ஒருநாள் வயல் பக்கம் ஒரு மந்திரவாதி வந்தான். அவன் தாடி தரையைக் கூட்டியது. குயிலி சிரித்துவிட்டாள். குழந்தைதானே? அவனுக்குப் பொறுக்கவில்லை. கையை ஒரு சுழற்றுச் சுழற்றினான். குயிலியைக் காணோம். வரப்பில் நாற்று குவிந்து கிடந்தது.

"பத்தாயிரத்து ஒரு நாற்று. அதுல ஒண்ணு உன் மக. பெண்கள் இறங்கி ஆளுக்குச் சமமா நடணும், ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது. ஒருத்தியே நட்டாச் செல்லாது. வருஷத்துக்கு ஒரு நடவு, மொத்தம் மூணு. தவறினா ஒவ்வொரு தடவையும் உனக்குப் பதினஞ்சு வயசு கூடும்" என்றான்.

முதல் வருஷம் பத்துப் பேர் இறங்கினார்கள். ஆளுக்கு ஆயிரம். ஒன்று மிஞ்சியது. நட்டதெல்லாம் தானே பிடுங்கிக்கொண்டு வரப்புக்கு வந்துவிட்டது. செங்கமலத்துக்குத் தலை பாதி நரைத்தது. இரண்டாம் வருஷம் நாற்பது பேர், ஆளுக்கு இருநூற்றைம்பது. அப்போதும் ஒன்று மிஞ்சியது. தலை முழுக்க வெளுத்தது.

அவள் வயலில் இறங்கவில்லை. தாலி இழந்தவள் நடவில் கால் வைத்தால் பயிர் பொய்க்கும் என்பது ஊர் வழக்கம். அவளும் அதை நம்பினாள். வரப்பில் நின்று எண்ணி எண்ணி நீட்டுவாள். இதில் எது என் பிள்ளை என்று ஒவ்வொரு நாற்றையும் முகர்ந்து பார்ப்பாள்.

மூன்றாம் வருஷம் ஊரில் தாலியோடு இருந்த எழுபத்திரண்டு பேரும் இறங்கினார்கள். உச்சிவெயிலில் பக்கத்து வீட்டுப் பவுனம்மா நிமிர்ந்தாள்.

"ஆளுக்கு எத்தனை ஆச்சுடி?"

"நூத்து முப்பத்தேழு."

"வரப்புல எத்தனை இருக்கு?"

செங்கமலம் எண்ணினாள். "அதுவும் நூத்து முப்பத்தேழு. ஆளுக்கு இன்னொண்ணு நட்டா அறுபத்தஞ்சு மிஞ்சிடும். என் பிள்ளை போச்சு, பவுனு."

"எல்லாத்தையும் எண்ணுறே, உன்னை எண்ணலையேடி. இறங்கு."

"நான் இறங்கினா உங்க பயிரு..."

"பயிரு போனா கூழைக் குடிச்சுட்டுக் கிடக்கோம். இறங்குடி."

செங்கமலம் சேலையை இழுத்துச் செருகினாள். வயலில் இறங்கினாள். ஒன்று நட்டாள், இரண்டு நட்டாள், மூன்று நட்டாள். நூற்று முப்பத்தேழாவதை ஊன்றியதும், வரப்பில் தாடியை நீவிக்கொண்டிருந்த மந்திரவாதி வைக்கோலாகச் சரிந்தான். சேற்றின் நடுவே குயிலி நின்றாள், அதே ஐந்து வயசோடு.

எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, கடைசியில் செங்கமலத்திடம் வந்தாள்.

"பாட்டி, எங்கம்மாவைப் பாத்தீங்களா?"



"பாத்தேன் கண்ணு. வா, கால் கழுவலாம்."

அந்த வருஷ விளைச்சலுக்குக் களம் போதவில்லை. அதன்பிறகு நீர்மங்கலத்து நடவில் யாரையும் வரப்பில் நிறுத்தியதில்லை. செங்கமலத்தின் முடி மட்டும் கறுக்கவேயில்லை. மூன்று நாள் குயிலி வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் சடை பின்னும்போது, சிக்கெடுக்கும் அந்தக் கையை அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மெதுவாம்மா," என்றாள், "வலிக்குது."