கழிப்பறைக்கு எதிர் ஸ்டால்

ஜெர்மனியில் நடந்த துணிக் கண்காட்சியில் கரூர் துண்டுக் கம்பெனியின் ஸ்டால் கழிப்பறைக்கு எதிரே இருந்தது. இடம் பிடித்தவர் குமாஸ்தா செங்கோடன்.

"கக்கூஸ் வாசல்ல கடை போட்டு என் மானத்தை வாங்கிட்டியே! சாயங்காலத்துக்குள்ள ஒரு ஆர்டராவது வரலைன்னா உனக்கு வேலை கிடையாது" என்று கத்திவிட்டு, முதலாளி தேவராசன் அந்தக் கழிப்பறைக்குள்ளேயே போனார்.

கையை உதறிக்கொண்டு வெளியே வந்தவரிடம் செங்கோடன் ஒரு துண்டை நீட்டினார். முதலாளி துடைத்துக்கொண்டார்.

"ஈரம் நல்லா இழுக்குதுங்களா?"

"நம்ம துண்டாச்சே, இழுக்காம?"

"மத்த ஸ்டால்ல இதைக் காட்ட முடியாதுங்க. அங்கெல்லாம் காய்ஞ்ச கையோட வர்றாங்க."

முதலாளி திரும்பிப் பார்த்தார். கழிப்பறையிலிருந்து வந்த மூன்று வெள்ளைக்கார வியாபாரிகள் ஈரக்கையோடு நின்றார்கள். செங்கோடன் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். முதலில் துடைத்தவர் துண்டைத் திருப்பித் தராமல் விலை கேட்டார்.