இடது பக்கத்துப் போல்ட்

செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். மலையைத் தாண்டி வந்த சாரல் போடி நகரின்மேல் தூவிக்கொண்டிருந்தது. கூடவே வெயிலும் அடித்தது.

பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே, கட்டைகளின்மேல் ஏற்றி நிறுத்திய ஜீப்பின் அடியிலிருந்து தயாளனின் குரல் வந்தது.

"இருபத்தோரு நாளா எண்ணெய் விடுறேன். அசையவே மாட்டேங்குது. ஏம்மா இதுக்கு இத்தனை பிடிவாதம்?"

பட்டறையை நடத்தும் ஜைத்தூன் வேறொரு வண்டியின் கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"இரும்புக்குப் பிடிவாதமெல்லாம் தெரியாது சார்."

"வேற என்ன தெரியும்?"

"இறுக்கினா இறுகத் தெரியும்."

தயாளன் முதுகால் ஊர்ந்து வெளியே வந்தார். அறுபத்திரண்டு வயது. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவர். இப்போது போடியில் ஓர் அறை எடுத்துத் தங்கி, தம்மைவிடப் பத்தொன்பது வயது இளையவரான ஜைத்தூனிடம் வேலை பழகிக்கொண்டிருந்தார்.

பழக வேண்டும் என்று கேட்டவர் அவர்தான். "நீங்க சரி பண்ணிக் குடுத்தா அது உங்க வேலையாப் போயிடும். நான் சரி பண்ணணும்" என்றார் முதல் நாள்.

ஜைத்தூன் ஒரு கம்பிப் பிரஷை அவர் கையில் கொடுத்தார். பாடம் அப்படித் தொடங்கியது.

இரண்டாம் நாள், தயாளன் ஸ்பேனரின் பிடியில் நான்கடிக் குழாயைச் செருகி அழுத்தினார். பம்பர் போல்ட்டின் தலை முறிந்து தெறித்தது.

"நெம்புகோல் தத்துவம்" என்றார் அவர், வியர்வையைத் துடைத்தபடி.

"தத்துவம் சரிதான். போல்ட் பாஸாகல" என்று சொல்லி, ஜைத்தூன் குழாயை வாங்கிக் கூரைமேல் எறிந்துவிட்டார்.

அதற்குப் பிறகு தயாளன் பொறுமை பழகினார். துருவைச் சுரண்டினார், எண்ணெய் விட்டார், காத்திருந்தார், மெல்லத் தட்டினார், மறுபடி எண்ணெய் விட்டார். ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. இன்ஜின் ஓடியது. பிரேக் பிடித்தது. முன்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளை மாற்றுவது ஒன்றுதான் பாக்கி. வலதுபுறம் மாற்றியாயிற்று. இடதுபுறத்துப் பட்டையை, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு பிணைக்கும் ஒரே ஒரு போல்ட் மட்டும் வர மறுத்தது.

"கேஸ் வச்சு வெட்டிடலாம்மா" என்றார் தயாளன்.

"வெட்டலாம். போல்ட்டோட சேசிஸும் சேர்ந்து வெந்துரும். நாப்பது வருஷத்து இரும்பு."

"நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. வியாழக்கிழமை அவர் மகன் வந்து அவரைத் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிடுறான். போனா இனி மலைக்குத் திரும்ப மாட்டாரு."

'அவர்' என்றது அண்ணன் பெத்தணனை. இந்த ஜீப் பெத்தணனுடையது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் போடியிலிருந்து மலைமேலுள்ள ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போன வண்டி. முழங்கால் தேய்ந்து, இனி கிளட்ச் மிதிக்க முடியாது என்றானபோது, அவர் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். தயாளன் அதை இரும்புக் கடையில் தேடிப் பிடித்து மீட்டார். அண்ணனுக்குத் தெரியாது. அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

"வண்டி இல்லாமப் போனா என்ன சார்?" என்றார் ஜைத்தூன்.

"எந்த மூஞ்சியோட போவேன்?"

"இருக்கிற மூஞ்சியோடதான்."

தயாளன் ஒரு காலி ஆயில் டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். சிறிது நேரம் சாரலைப் பார்த்தார்.

"என் மக கல்யாணத்துல, மாப்பிள்ளை வீட்டுக் காரெல்லாம் மண்டப வாசல்ல வரிசையா நின்னுச்சு. அண்ணன் இந்த ஜீப்புல சொந்தக்காரங்க பதினாலு பேர மலையிலருந்து ஏத்திக்கிட்டு வந்தாரு. வண்டி முழுக்கச் சேறு. நேரா வந்து வாழைமரத்துக்குப் பக்கத்துல நிறுத்தினாரு."

"ம்."

"வண்டிய மண்டபத்துக்குப் பின்னாடி போடுண்ணேன்னு சொன்னேன்."

கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்த கை நின்றது.

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. எல்லாரையும் இறக்கிவிட்டாரு. வண்டியத் திருப்பினாரு. தாலி கட்டுறப்ப அவர் மலைமேல இருந்தாரு."

ஜைத்தூன் மறுபடி கழுவத் தொடங்கினார்.

"அதனால வண்டிய இப்ப அவர் வாசல்ல கொண்டுபோய் நிறுத்தணும்."

"முன்வாசல்ல. ஊரே பாக்கணும்."

"யாராவது பாக்கணும்னு அவரு கேட்டாரா?"

தயாளனுக்குக் கோபம் வந்தது. கல்லூரியில் கடைசி வரிசைப் பையன்களிடம் காட்டிய அதே கோபம். ஆனால் இங்கே கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பது தாம்தான் என்பது உடனே நினைவுக்கு வந்தது.

"எனக்கு வேற எதுவும் வேண்டாம்மா. இந்தப் போல்ட் ஏன் வரலைன்னு மட்டும் சொல்லுங்க."

ஜைத்தூன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். ஜீப்பின் பக்கத்தில் குந்தினார்.

"எண்ணெய எங்க விட்டீங்க?"

"போல்ட்டோட தலையில."

"வால்ல?"

"வால் உள்பக்கம் இருக்கு. சேசிஸ் மறைக்குது. கண்ணுக்குத் தெரியாதே."

"தெரியாதுதான். படுத்துக்கிட்டு விரல விடுங்க."

தயாளன் மறுபடி உள்ளே ஊர்ந்தார். சேசிஸின் பின்னால் கையை வளைத்து நுழைத்தார். முழங்கை சிராய்த்தது. நட்டு அகப்பட்டது. அதன் நடுவில் போல்ட்டின் நுனி சற்றே நீட்டிக்கொண்டிருந்தது. இருபத்தோரு நாளில் அந்த இடத்தை அவர் தொடுவது இதுதான் முதல் முறை.

"என்ன இருக்கு?"

"அழுக்கு. மண்ணு. சுரண்டுறேன், இருங்க... குழி குழியா இருக்கு. துரு தின்னுருக்கு."

"எத்தனை குழி?"

"ஒண்ணு, ரெண்டு... நாலு."

"எப்படி இருக்கு?"

"போல்ட்டும் நட்டும் சேர்ற விளிம்புல. சுத்தி." அவர் விரல் இன்னொரு முறை சுற்றி வந்தது. "ஒரே இடைவெளியில."

"துரு குழி போடும் சார். அளந்து போடாது."

தயாளன் குழிகளை மறுபடி எண்ணினார்.

"நட்டு தானாக் கழண்டுரக் கூடாதுன்னு யாரோ பஞ்ச் உளி வச்சு அடிச்சிருக்காங்க. மலை ரோட்டுல ஓட்டுறவங்க சில பேரு அப்படிச் செய்வாங்க. அடிச்சிட்டா அது பூட்டுன மாதிரி."

"வலது பக்கத்துல இப்படி இல்லையே?"

ஜைத்தூன் தட்டிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து, ஜீப்பின் அடியில் உருட்டிவிட்டார். வலதுபுறத்தில் கழற்றியது. தயாளன் அதன் நுனியைத் தடவிப் பார்த்தார். வழவழவென்றிருந்தது.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"வண்டிய இறக்குன அன்னிக்கே."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க துருவைப் பத்தித்தான கேட்டீங்க."

தயாளன் வெளியே வரவில்லை. நான்கு குழிகளின்மேல் விரலை வைத்தபடியே கிடந்தார்.

அது அவருடைய பி.எஸ்ஸி. கடைசி ஆண்டுத் தேர்வு நாள். மலையிலிருந்து போடிக்கு இறங்க வேண்டும். எதிரில் வருபவர் தெரியாத பனி. எட்டாவது வளைவில் ஜீப் ஒருபுறம் சாய்ந்து பாறையில் உரசி நின்றது. வலதுபுறத்து நட்டு கழன்று எங்கோ விழுந்திருந்தது. அண்ணன் இறங்கினார். குனிந்து பார்த்தார். தார்ப்பாய்க் கயிற்றை உருவி, ஸ்பிரிங் பட்டையைச் சேசிஸோடு வரிந்து கட்டினார். "உக்காருடா, மணி அடிக்கிறதுக்குள்ள கொண்டுபோய் விட்டுர்றேன்" என்றார். கயிற்றுக் கட்டோடு மீதி மலையை இறங்கினார். மணி அடிப்பதற்கு முன்பே விட்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வெளியே, ஜீப்பின் அடியிலிருந்து சுத்தியல் சத்தம் வந்தது.

டங்.

நிதானமாக இடைவெளி விட்டு, இன்னொன்று.

மறுநாள் அடுத்த தாள். தயாளன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "அண்ணே, படிக்கிறேன்ல!" என்று கத்தினார்.

நான்கோடு சத்தம் நின்றுவிட்டது.

நாற்பது ஆண்டுகளில் அந்தச் சத்தத்தை அவர் ஒரு நாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை.

ஜீப்பின் அடியிலிருந்து அவர் குரல் மெதுவாக வந்தது.

"அன்னிக்குக் கழண்டது வலது பக்கத்து நட்டும்மா. அவரு அடிச்சிருக்கிறது இடது பக்கம்."

"அப்படியா?"

"ஏன் அப்படி?"

ஜைத்தூன் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய அரத்தை எடுத்துவந்தார். ஜீப்பின் கீழே நீட்டினார்.

"நுனிய அராவிட்டா குழி போயிடும். நட்டு வந்துரும். ஒரு மணி நேரந்தான். சாயங்காலத்துக்குள்ள பட்டைய மாட்டிடலாம். நாளைக்குக் காலையில வண்டி மலையேறும்."

தயாளன் அரத்தை வாங்கிக்கொண்டார்.

பட்டறையில் சத்தமில்லை. தகரத்தின்மேல் சாரல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அரம் இரும்பில் படும் ஓசைக்காக ஜைத்தூன் காத்திருந்தார். அது வரவில்லை.

"நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலம்மா."

"எதுக்கு?"

"ஏன் இடது பக்கம் அடிச்சாருன்னு."

"அடிச்சவர் மலைமேல இருக்காரு சார். என்னையக் கேட்டா?"

நெடுநேரத்துக்குப் பிறகு தயாளன் வெளியே வந்தார். முதுகெல்லாம் மண். அரத்தை ஜைத்தூனிடம் திருப்பிக் கொடுத்தார். அதில் ஒரு துளி இரும்புத்தூள்கூட ஒட்டியிருக்கவில்லை.

"முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

"அஞ்சு அம்பது."

மறுநாள் காலை சாரல் விட்டிருந்தது. தயாளன் ஐந்து ஐம்பது பஸ்ஸில் இடதுபுற ஜன்னலோரம் உட்கார்ந்து மலையேறினார். பழம், பலகாரம் எதுவும் வாங்கவில்லை. நகக்கண்களில் கறுப்பு மண் அப்படியே இருந்தது.

ஜைத்தூன் ஏழரை மணிக்குப் பட்டறையைத் திறந்தார். கட்டைமேல் நின்ற ஜீப்பை ஒரு முறை சுற்றிவந்தார். எதையும் தொடாமல், காத்திருந்த ஒரு டிராக்டரின் பிரேக்கைப் பார்க்க உட்கார்ந்தார்.

பெத்தணன் அப்போது வீட்டு முற்றத்தில், திருப்பூருக்குக் கொண்டுபோக வேண்டிய சாக்குப் பையைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தார். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"ஜீப்பு என்கிட்டதான்ணே இருக்கு" என்றார் தயாளன். "இரும்புக் கடையிலருந்து எடுத்துட்டேன். எல்லாம் கழட்டி மாட்டியாச்சு. ஸ்பிரிங் பட்டையில ஒரு போல்ட் மட்டும் வர மாட்டேங்குது."

பெத்தணன் கயிற்றில் முடிச்சுப் போட்டார்.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"வராது."

"அன்னிக்குக் கழண்டது வலது பக்கம். நீ ஏண்ணே இந்தப் பக்கத்துல அடிச்ச?"

பெத்தணன் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். இது ஒரு கேள்வியா என்பதுபோல.

"என் பக்கம் கழண்டா ஸ்டியரிங் பிடிச்ச கைக்கு உடனே தெரிஞ்சுரும்டா. நீ உக்கார்ற பக்கம் கழண்டா எனக்கு யாரு சொல்லுவா?"



பெத்தணன் குனிந்து, இப்போதுதான் போட்ட முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். பையின் வாய் திறந்தது.

"பாத்துக்கிட்டே நிக்காத. மேல கிடக்குற வேட்டியெல்லாம் எடுத்து வெளிய வையி. அத அடிச்ச உளி அடியில இருக்கு."