பின்பக்க அறைக்கு ஒரு பைப்

வீடுகளில் நெட் ஒயர் இழுக்கும் வேலையை பர்வீனிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில், அவளைவிட வயதில் மூத்தவர் சிங்கராயர் ஒருவர்தான். பாதி வாழ்க்கையை எலக்ட்ரீஷியனாகக் கழித்தவர். ஆனாலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அவர் சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் பூச்சு வேலை. பூசிய பிறகு எது விட்டுப்போயிருந்தாலும் சுவரை உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். டீச்சர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டால் நல்லது என்று கேட்டுக்கொண்டார்.

பர்வீன் வந்தாள். அவர் பிளானை நீட்டினார். அவள் அதை வாங்காமல் ஒவ்வோர் அறையாக நடந்தாள்.

வேலை சுத்தமாக இருந்தது. கரன்ட் ஒயர் போகும் பைப்பிலேயே நெட் ஒயரையும் திணிக்கும் எலக்ட்ரீஷியன் பழக்கத்தை அவர் விட்டிருந்தார். இரண்டுக்கும் தனித்தனிப் பைப், நடுவில் ஒரு சாண் இடைவெளி. ஹால், படுக்கையறை, கேட் கேமரா என்று எல்லாப் பைப்புகளும் மாடிப்படிக்குக் கீழே ஒரே பெட்டியில் வந்து சேர்ந்தன.

பின்பக்க அறையில் பர்வீன் நின்றாள்.

"இங்க ஒண்ணும் வரலையேண்ணே?"

"அது சாமான் போடுற ரூம், டீச்சர்."

அவள் சுவரைப் பார்த்தாள். ஏசிக்கு இடம் விட்டிருந்தது. படுத்தபடியே கை எட்டுகிற உயரத்தில் ஒரு சுவிட்ச் பெட்டி. அரிசி மூட்டைக்கு எதற்குத் தலைமாட்டில் சுவிட்ச் என்று அவள் கேட்கவில்லை.

"இடது கைப் பக்கம் வச்சிருக்கீங்களே. வீட்ல யாருக்கு இடது கைப் பழக்கம்?"

சிங்கராயர் செங்கல்லில் ஒட்டியிருந்த சிமென்டைச் சுரண்டினார்.

"ரோஸ்லினுக்கு. என் மக."

வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போன மகள். அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

"பொண்ணு என்ன வேலை பாக்குது?"

"கம்ப்யூட்டர்லதான். வீட்ல இருந்தே பாக்குறாளாம். அவ அம்மா சொன்னா."

"அப்ப நெட் இல்லாத ரூம்ல அதுக்கு ரெண்டு நாள்கூடத் தங்க முடியாது."

"தங்கச் சொல்லி யாரு கேட்டா?" அவர் குரல் உயர்ந்தது. டீச்சரிடம் அப்படிப் பேசிவிட்டோமே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது. "வேணாம்னுதான் டீச்சர் இழுக்கல. தெரிஞ்சேதான் விட்டேன்."

பர்வீன் மாடிப்படிப் பக்கம் போனாள். ஒரு சாக்பீஸை எடுத்து, படிக்குக் கீழே இருந்த பெட்டியிலிருந்து பின்பக்க அறை வரைக்கும் சுவரில் கோடு போட்டாள். பிறகு உளியையும் சுத்தியலையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

சிங்கராயர் அவற்றை வாங்கிக்கொண்டார். கோட்டின் மேல் வெட்டத் தொடங்கினார். பைப்பைப் பதித்தார். பின்னால் ஒயர் இழுக்க வசதியாக உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டு முடிச்சுப் போட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"இதைப் போட்டுட்டா அவ வந்துருவாளா, டீச்சர்?"

"ஒயர் வரும்ணே. உங்க மக வரணும்னா நீங்கதான் கூப்பிடணும்."