கவிராயர் வைக்காத புள்ளி

கொற்றையூர் அரண்மனையில் சிரிப்புக்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பெயர் சட்டநாதக் கவிராயர். அரண்மனையில் ஆடப்போகும் கூத்துகளை முன்கூட்டியே படித்து, கூடாததைக் களைந்து தருவது அவர் வேலை. அந்தக் கூத்துகளை எழுதுவது விகடகவி பிச்சாண்டியின் வேலை.

முன்பெல்லாம் இப்படி ஒரு பதவி கிடையாது. போன வருஷக் கூத்தில் ராஜாவின் மூக்கைப் பற்றி ஒரு வரி வந்துவிட்டது. விருந்துக்கு வந்திருந்த பக்கத்து நாட்டு ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளே மாறவேள் ராஜா கவிராயருக்கு நியமன ஓலை கொடுத்தார், கூடவே ஒரு பல்லக்கும். அந்த ஓலையைக் கவிராயர் குளிக்கும்போதுகூட இடுப்பிலிருந்து எடுப்பதில்லை என்று பேச்சு.

இந்த வருஷம் ராஜாவின் பிறந்தநாளுக்குப் பிச்சாண்டி ஒரு பல் வைத்தியரைப் பற்றிக் கூத்து எழுதினார். ராஜா அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஓய் பிச்சாண்டி! கவிராயர் ஓலையில் எழுதுவதை ஓர் எழுத்து மீறினாலும் உம்மை நாடு கடத்துவேன்."

"உத்தரவு மகாராஜா."

"எனக்குச் சிரிப்பு வராவிட்டாலும் நாடு கடத்துவேன்."

எப்படிப் போனாலும் ஒரே தண்டனை என்பதால் பிச்சாண்டிக்குக் குழப்பம் எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது.

நாலாம் நாள் கூத்து ஓலைகள் திரும்பி வந்தன. பதினேழு இடங்களில் ஓரத்தில் ஒரே சொல்: 'எடு'. பதினேழும் சிரிப்பு வருகிற இடங்கள். கவிராயருக்குச் சிரிக்கத் தெரியாதே தவிர, சிரிப்பு எங்கே இருக்கிறது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

பிச்சாண்டி அவர் வீட்டுக்கு ஓடினார்.

"ஐயா, இதையெல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?"

"கூத்து இருக்கும்."

"ஏன் எடுக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? மாற்றியாவது எழுதுவேனே."

"காரணம் சொன்னால் பேச்சு வளரும். எழுதியிருக்கிறேன். நீர் படித்து, அதன்படி செய்யும்."

வீட்டுக்கு வந்த பிச்சாண்டி இடிந்துபோய் உட்கார்ந்தார். "முத்துவடிவு, மூட்டையைக் கட்டு" என்றார்.

மனைவி ஓலையை வாங்கிப் பார்த்தாள். "அந்த எருமை மாட்டு இடம் இருக்குல்ல, அதுல எனக்குமே சிரிப்பு வரலைங்க."

"நீயுமா!" என்று சீறினார் பிச்சாண்டி. அவருக்கு நிஜமாகவே வலித்தது.

அவள் ஓரத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஏடு... ஏடு... இதுக்கா மூட்டை கட்டச் சொல்றீங்க? ஒவ்வொரு இடத்துலயும் இன்னொரு ஏடு எழுதிச் சேக்கச் சொல்றாரு, அவ்வளவுதானே?"

பிச்சாண்டி துள்ளி எழுந்தார். விஷயம் இதுதான். நம்மைப்போல எ, ஏ என்று இரண்டு வடிவம் அந்தக் காலத்தில் இல்லை. எழுத்து ஒன்றே. மேலே புள்ளி இருந்தால் குறில், இல்லாவிட்டால் நெடில். ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலையில் ஓட்டை விழும் என்று யாரும் புள்ளி வைப்பதில்லை. இடம் பார்த்துப் படித்துக்கொள்வார்கள்.

பிச்சாண்டியும் தன் இடம் பார்த்துப் படித்துக்கொண்டார்.

பிறந்தநாள் வந்தது. சபை நிரம்பியது. கூத்தில் வைத்தியர் ஒருவனுக்குச் சொத்தைப் பல்லைப் பிடுங்க வந்தார். புதிதாகச் சேர்ந்த ஏடுகளில் புதிதாக ஓர் ஆளும் சேர்ந்திருந்தார். அவர் வைத்தியருக்கு மேற்பார்வை அதிகாரி. பக்கத்தில் நின்றுகொண்டு, "அதை எடு. இதையும் எடு" என்றார். "ஏன்?" என்று கேட்ட வைத்தியரிடம், "காரணம் சொன்னால் பேச்சு வளரும்" என்றார். முப்பத்திரண்டு பல்லும் போயிற்று. அதிகாரி நோயாளியின் தாடையை நிமிர்த்திப் பார்த்தார்.

"இனி ஒரு குறையும் இல்லை. எங்கே, சிரி பார்க்கலாம்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வழிந்தது. கவிராயர் மட்டும் குதித்தெழுந்தார்.

"மகாராஜா, மோசடி! நான் பதினேழு இடத்தில் 'எடு' என்று எழுதினேன். இவன் கூட்டியிருக்கிறான்!"

"ஏடு என்றல்லவா இருந்தது?" என்றார் பிச்சாண்டி. "எடு என்றால் புள்ளி எங்கே?"

"புள்ளி வைத்தால் ஓலை கிழியுமே! என் வீட்டுக்கு வந்து கேட்டாயே, அப்போது தெரியாதா?"

"கேட்டேன். பேச்சு வேண்டாம், படித்துச் செய் என்றீர். படித்தேன், செய்தேன்."

ராஜா மீசையைத் தடவினார். "இரண்டு பேரும் சரியாகத்தானே பேசுகிறீர்கள். எடுவா, ஏடா என்று யார் முடிவு செய்வது?"

"கவிராயரே முடிவு செய்யட்டும் மகாராஜா. அவருடைய நியமன ஓலையின் ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுத எனக்கு உத்தரவு வேண்டும். அவர் வாசிக்கிறபடியே தாங்கள் நிறைவேற்ற வேண்டும்."

"ஆகட்டும்" என்றார் ராஜா.

கவிராயரின் இடுப்பிலிருந்து ஓலை வெளியே வந்தது. பிச்சாண்டி எழுத்தாணியால் அதே சொல்லைக் கீறிவிட்டுப் பணிவாக நீட்டினார். புள்ளி வைக்கவில்லை.

கவிராயர் பார்த்தார். எடு என்று வாசித்தால் பதவி போகும், பல்லக்கும் போகும். ஏடு என்று வாசித்தால் வழக்குப் போகும்.

"ஏ...ஏ...ஏடு, மகாராஜா."

"இவ்வளவு நீளமான நெடிலை நான் கேட்டதே இல்லை!" என்று ராஜா மறுபடியும் சிரித்தார். கவிராயரின் நியமனத்தில் இன்னோர் ஏடு சேர்ந்தது. இனி எதை எடுக்கச் சொன்னாலும் காரணத்தை நேரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. பிச்சாண்டியின் தோளில் ராஜா தன் பட்டுச் சால்வையைப் போர்த்தினார்.

பிறகு கூத்து ஓலைகளைக் கையில் வாங்கிப் புரட்டியவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"பிச்சாண்டி, கவிராயர் குறித்தது பதினேழு இடம். நீர் சேர்த்தது பதினாறு ஏடுதானே?"

பிச்சாண்டி தலையைச் சொறிந்தார். கவிராயர் பக்கம் பார்க்காமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அந்த எருமை மாட்டு இடத்தில் மட்டும் 'எடு' என்றே படித்தேன் மகாராஜா. அது எடுக்க வேண்டியதுதான்."