ஓடைப்பட்டி எண்ணெய்க் கிணற்றுக்கு யார் பொறுப்பு?

குன்றவள நாட்டு மன்னர் வீரகேதுவின் அரண்மனையில் ஆயிரம் தீவட்டிகள் எரியும். அவற்றுக்கான கறுப்பு எண்ணெய் ஓடைப்பட்டிக் கிணற்றிலிருந்து மூங்கில் குழாய் வழியாக வரும். அந்த ஒரு கிணற்றை மேற்பார்க்க ஐந்து இலாகாக்கள்! பூமிக்கு அடியில் இருக்கும்வரை எண்ணெய் நிலத்தடி இலாகாவுக்குச் சொந்தம். மேலே வந்தால் தரை இலாகா. குழாய்க்குள் நுழைந்தால் குழாய் இலாகா. ஆவி கிளம்பினால் ஆவி இலாகா. இந்த நாலு பேரையும் சேர்த்து வைக்க ஒருங்கிணைப்பு இலாகா என்று ஒன்று. ஒருவர் எழுதிய ஓலையை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, கொடுத்தாயிற்று என்று மூன்றாமவருக்கு ஓலை எழுதுவதுதான் அதன் வேலை.

ஒருநாள் ஓடைப்பட்டிச் செம்பாயி ஒரு செம்போடு சபைக்குள் வந்து நின்றாள். செம்பில் மை மாதிரி தண்ணீர்.

"சாமி, கெணறும் கொழாயும் சேர்ற எடத்துல பூட்டு விட்டுப்போச்சு. மூணு மாசமா பாதி எண்ணெ எங்க ஊருணியில எறங்குது. குடிக்க ஊர்ல வேற தண்ணி இல்ல. ஆறு கல்லு நடந்து தூக்கியாறோம். அஞ்சு ஆபீசுக்கும் நடையா நடந்துட்டேன்."

மன்னர் ஐந்து தலைவர்களையும் பார்த்தார்.

"எண்ணெய் மேலே வந்துவிட்டதே, என் எல்லை தாண்டிவிட்டது" என்றார் நிலத்தடித் தலைவர்.

"குழாய்க்குப் போகப் புறப்பட்ட எண்ணெய் அது. குழாய்க்காரரைக் கேளுங்கள்" என்றார் தரைத் தலைவர்.

"குழாய்க்குள் நுழையவே இல்லையே! நுழையாத எண்ணெய்க்கு நான் எப்படிப் பொறுப்பு?" என்றார் குழாய்த் தலைவர்.

"நாற்றம் மட்டும்தான் எங்களுடையது. நாற்றம் இருக்கிறது என்று மூன்று முறை பதிவு செய்திருக்கிறோம்" என்றார் ஆவித் தலைவர்.

ஒருங்கிணைப்புத் தலைவர் பெருமையோடு எழுந்தார். "இது பற்றி நாற்பத்திரண்டு கூட்டங்கள் நடத்தினோம் மகாராஜா. எல்லாம் சுமுகமாக முடிந்தன. கடைசியில், ஊரையே வேறிடத்துக்கு மாற்றிவிடலாம் என்று ஒருமனதாக முடிவு செய்திருக்கிறோம்."

சபையில் ஒரு மூலையில் சிரிப்புச் சத்தம். சிரித்தவன் விகடகவி திருமேனி.

மன்னருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன இளிப்பு? அந்தக் கிணற்றுக்குப் பொறுப்பானவனை நாளை மாலைக்குள் என் முன்னால் நிறுத்து. நான்தான் பொறுப்பு என்று அவனே ஒப்புக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் ஊரை மாற்றும் ஓலையில் முத்திரை வைத்துவிடுவேன்."

செம்பாயியின் முகம் செத்துப்போனது. திருமேனி ஐந்து தலைவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தான். தான் போட்ட தும்மலையே அடுத்தவன் தும்மல் என்று எழுதிக் கொடுக்கிற ஆட்கள் இவர்கள். எப்படி ஒப்புக்கொள்வார்கள்?

யோசித்தபடி வெளியே வந்தால், வாசலில் தரைத் தலைவரும் குழாய்த் தலைவரும் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முதலில் படி இறங்கும் உரிமை யாருக்கு என்று சண்டை! மற்ற மூவரும் பின்னால் நின்று தங்கள் உரிமையைக் கத்திக்கொண்டிருந்தார்கள். திருமேனி கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்தான். பிறகு செம்பாயியிடம், "காலையில் கிணற்றடிக்கு ஒரு புளியங்கட்டையும் சம்மட்டியும் கொண்டு வா" என்றான்.

காலையில் அவள் கட்டையோடு தயங்கி நின்றாள். "ஐயா, கெணத்தத் தொட்டா கைய வெட்டுவாங்களாம். பலகையில போட்டிருக்கு. அதான் ஊர்ல ஒருத்தரும் கிட்ட போவல."

"யார் வெட்டுவார்கள்?"

"அது போடலீங்க."

"அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறேன்."

கிணற்று வாயில் கட்டையை வைத்து ஓங்கி ஓங்கி அடித்தான். எண்ணெய் நின்றது. கட்டையின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "திருமேனி கிணற்றை அடைத்துவிட்டான்" என்று ஐந்து இலாகாவுக்கும் ஆள் அனுப்பினான்.

மூன்று மாதமாக ஓடைப்பட்டி எந்தத் திசை என்றே தெரியாத மகானுபாவர்கள்! உச்சி வெயிலுக்குள் ஐந்து பல்லக்குகளும் வந்து இறங்கிவிட்டன.

"என் கிணற்றில் கை வைக்க நீ யார்?" என்று ஐந்து பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"என் கைதி!" என்று நிலத்தடித் தலைவர் அவன் வலக்கையில் கயிறு கட்டினார். "இல்லை, என் கைதி!" என்று தரைத் தலைவர் இடக்கையைப் பிடித்தார். குழாயும் ஆவியும் ஆளுக்கொரு கால். கையும் காலும் தீர்ந்துபோனதால் ஒருங்கிணைப்புத் தலைவர் இடுப்பில் கட்டினார்.

வழியெல்லாம் திருமேனி ஒவ்வொருவர் காதிலும் ஓதினான்: "என் மேல் குற்ற ஓலையைப் பார்த்து எழுதுங்கள் ஐயா. சிந்துகிற கடைசிச் சொட்டு வரைக்கும் தன்னுடையது என்று பக்கத்துக் கயிற்றுக்காரர் எழுதப்போகிறாராம். நீங்கள் குறைத்து எழுதினால் கைதி அவருக்குப் போய்விடுவான்."

மாலையில் சபை கூடியது. ஐந்து கயிற்றில் ஒருவன்! மன்னர் மிரண்டுபோய்ப் பார்த்தார்.

"மகாராஜா, என் மேல் இவர்கள் கொடுத்த குற்ற ஓலைகளை முதலில் படிக்கச் சொல்லுங்கள்" என்றான் திருமேனி.

படித்தார்கள். ஐந்திலும் ஒரே வாசகம். 'ஓடைப்பட்டிக் கிணறும், அதன் வாயும், அதிலிருந்து சிந்தும் கடைசிச் சொட்டும் என் ஒருவனுடைய அதிகாரத்துக்கே உட்பட்டவை.' கீழே முத்திரை.

"ஒருவரைக் கேட்டீர்கள். ஐந்து பேரைக் கொண்டுவந்திருக்கிறேன், அதுவும் என்னோடு சேர்த்துக் கட்டி!"

தலைவர்களின் கையிலிருந்த கயிறுகள் ஒவ்வொன்றாக நழுவி விழுந்தன. மன்னர் ஊரை மாற்றும் ஓலையைக் கிழித்துப் போட்டார். செம்பாயியின் செம்பை வாங்கி ஐவர் முன்னால் வைத்தார்.

"பூட்டையும் ஊருணியையும் சரிசெய்வது உங்கள் பொறுப்பு. தண்ணீர் தெளியும்வரை உங்கள் ஐவருக்கும் குடிக்க இதுதான்."

ஐவரும் செம்பைப் பார்த்தார்கள். பிறகு அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். ஒருங்கிணைப்புத் தலைவர் மட்டும் மெல்ல எழுந்தார்.

"மகாராஜா, முதலில் யார் குடிப்பது என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் போட்டு..."

"கூட்டம் எதற்கு ஐயா?" என்று திருமேனி செம்பை அவர் பக்கம் நகர்த்தினான். "ஒருங்கிணைந்து குடியுங்கள்!"

மன்னர் சிரித்த சிரிப்பில் சபையே அதிர்ந்தது. ஊருணி எட்டே நாளில் தெளிந்தது.