காந்தலாத்தாளைக் கழுவிய மசக்காளியார்

கொங்கு நாட்டில், மழை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் சுள்ளிவலசு என்னும் ஊரில், காந்தலாத்தாள் கோயிலில் தொண்டு செய்து வாழ்ந்தவர் மசக்காளியார். பஞ்சத்தில் எங்கிருந்தோ வந்து சேர்ந்தவர். விறகு பொறுக்கி விற்று வயிறு கழுவினார். உச்சிப்பொழுதில் மோர்ப்பானையோடு கோயிலுக்குப் போய் ஆத்தாளின் மேனியிலிருந்து மிளகாய் விழுதைக் கழுவினார். அதுதான் அவர் தொண்டு.

அந்த ஊரில் பொருளைப் பறிகொடுத்தவர்கள் கோயில் அம்மியில் காய்ந்த மிளகாயை அரைத்து, மடியில் கைகளை விரித்து அமர்ந்திருக்கும் ஆத்தாளின் கல்மேனியில் அப்பிவிட்டுப் போவார்கள். ஆத்தாளுக்கு எரியும், அந்த எரிச்சல் திருடனைத் தேடிப் போய்ப் பிடிக்கும் என்பது நம்பிக்கை. எடுத்தவன் பொருளைத் திருப்பிக் கொடுத்து, தன் கையாலேயே ஆத்தாளைக் கழுவினால்தான் தணியும். ஆகவே கழுவியவன் எவனோ அவனே எடுத்தவன். அதற்குமேல் விசாரணை கிடையாது. பூசிய கையோடு எல்லோரும் வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். உச்சிவேளையில் ஆத்தாள் எழுந்து நடமாடுவாள் என்று அந்தப் பக்கம் ஓர் ஆடுகூட மேயாது.

மசக்காளியாருக்கு இந்த முறையெல்லாம் தெரியாமலில்லை. வந்த புதிதில், ஆளரவமற்ற நடுப்பகலில், அந்தக் கல்லிலிருந்து யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது போன்ற ஒலியைக் கேட்டார். வேறொருவராக இருந்தால் ஓடியிருப்பார். இவர் அருகில் போய், "எரியுதா தாயி?" என்று கேட்டார். கேட்டவர் சும்மா இருப்பாரா? கழுவிவிட்டார். முனகல் நின்றது.

சேவலைத் தொலைத்த நாச்சாயி என்பவள் மறுநாள் அவரை வழிமறித்தாள். "ஏப்பா, நீ எடுக்கலீன்னா நீ எதுக்குக் கழுவறே?"

"சேவலை எடுத்தது ஆருன்னு எனக்குத் தெரியாதுங்கம்மா. ஆத்தாளுக்கு எரியறது தெரியுமுங்க."

இந்தப் பதில் யாருக்கு வேண்டும்? ஊருக்குத் திருடன் கிடைத்துவிட்டான். அதன்பிறகு யார் வீட்டில் என்ன காணாமல் போனாலும் கோயிலில் மிளகாய், நடுப்பகலில் மசக்காளியார் கை. உண்மைத் திருடர்களுக்கு இதைவிடக் கொண்டாட்டம் வேறில்லை. அவர் தெருவில் வந்தால் பெண்கள் சொம்பை உள்ளே எடுத்து வைத்தார்கள். விறகு வாங்குகிறவர்கள் "கள்ளக்காளி, நல்ல கட்டையாப் போடு" என்று வாய்கூசாமல் பேரம் பேசினார்கள். கை கொப்புளித்துச் சோறு பிசையவும் முடியாமல் போனது. ஆனாலும் மோர்ப்பானை ஒருநாளும் வராமலிருந்ததில்லை.

ஆனால், ஒருவரை ஒரு பெயர் சொல்லி ஊரே கூப்பிட்டுக்கொண்டிருந்தால், என்றைக்காவது அவருக்குள் ஏதோ ஒன்று "ஏன்?" என்று பதில் குரல் கொடுத்துவிடுகிறது. சொல்லவே எனக்கு நெஞ்சு நடுங்குகிறது. ஒரு பகலில் மசக்காளியார் மடியை அவிழ்த்தபோது உள்ளே நாச்சாயியின் பாக்குவெட்டி இருந்தது. அவள் வீட்டுப் பக்கம் போன நினைவு உண்டு. எடுத்த நினைவு இல்லை. கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் வியக்கவில்லை, "தெரியுமே" என்றாள். பின்னொரு நாள் யாருடைய சீப்போ, மற்றொரு நாள் யார் வீட்டு மாட்டின் கழுத்துமணியோ மடியில் கிடந்தது. எடுக்கும்போது மணியின் சத்தம்கூடக் கேட்கவில்லை. தன் வலக்கை தனக்குத் தெரியாமல் தனியே ஒரு வேலை பார்க்கிறது என்று அவருக்குப் புரிந்தது. தூங்கும் பாம்பைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"தாயி, இவங்க சொல்றது நெசமாப் போச்சே. நான் அப்படித்தானா?" என்று அழுதார். அன்றிலிருந்து வலக்கையை இடுப்போடு கயிற்றால் கட்டிக்கொண்டே ஊருக்குள் நடந்தார். ஆத்தாள் முன்னால் மட்டும்தான் அவிழ்ப்பார், கழுவுவதற்காக.

அவிழ்த்த இடத்திலேயே அது நடந்தது. ஒருநாள் கழுவி முடித்து நிமிர்ந்தவர், ஆத்தாளின் முகத்தில் கண் இல்லாததைக் கண்டார். வெள்ளிக் கண்மலர் இரண்டும் இருந்த இடத்தில் வெறுங்கல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மடி கனத்தது. தொட்டுப் பார்க்க வேண்டியதே இல்லை.

யாரும் பார்க்கவில்லை. திரும்ப ஒட்டி வைத்திருந்தால் கதை முடிந்தது. மசக்காளியாரோ ஊர் மணியக்காரர் வாசலுக்குப் போய்க் கண்மலர்களை நீட்டினார். "எம்மடியில இருந்துச்சுங்க. எடுத்த நெனப்பு இல்லீங்க. ஆனா எங்கைதாங்க எடுத்திருக்கோணும்."

கோயில் பொருளைத் தொட்ட கையை மணிக்கட்டோடு வெட்டுவது அவ்வூர் வழக்கம். மறுநாள் வெட்டுவதென்று முடிவாயிற்று. காலையில் அவரைக் கோயில் முன்னிருந்த கல்தூணில், கைகளைப் பின்னால் வளைத்துக் கட்டினார்கள். பிறகு ஊரே வந்தது. இத்தனை காலம் தொலைந்த சேவலுக்கும் சொம்புக்கும் வைக்கோலுக்கும் சேர்த்து, அவர் பெயரைச் சொல்லிச் சொல்லி அரைத்துப் பூசினார்கள். ஆத்தாளின் உருவமே தெரியாமல் செக்கச்சிவந்த குவியலாயிற்று.

"இன்னைக்கு ஆரும் கழுவப்படாது. ஆத்தா நல்லா எரியட்டும், அப்பத்தான் இவனுக்கு உறைக்கும்" என்றார் மணியக்காரர். "பொழுது சாஞ்சதும் வந்து கைய எடுத்துக்கலாம்."

மசக்காளியார் தமக்காகக் கெஞ்சவில்லை. "கை போகட்டும் தாயி. நாளைக்கு உன்னைய ஆரு கழுவுவாங்க?" என்று அவர் விம்மியதைக் கேட்டுக்கொண்டேதான் எல்லோரும் கலைந்தார்கள். உச்சிவேளை நெருங்கிவிட்டது.

அன்று நடுப்பகலில் ஊரில் காற்று நின்றது. நாய்கள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டன. சாப்பிட உட்கார்ந்தவர்கள் எடுத்த கவளத்தோடு அப்படியே இருந்தார்கள். கோயில் பக்கமிருந்து, பானையைச் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும் ஒலி கேட்டது. யாரோ நிதானமாகத் தேய்த்துக் கழுவுகிறார்கள். மசக்காளியாரோ தூணில் கட்டுண்டு கிடக்கிறார். எழுந்து போய்ப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை.

பொழுது சாய்ந்ததும் அரிவாளோடு போனார்கள். ஆத்தாளின் மேனியில் பூசிய மிளகாய் பூசியபடியே காய்ந்திருந்தது. தூணில் போட்ட முடிச்சு ஒன்றும் அவிழவில்லை. ஆனால் மசக்காளியாரின் கைகள் முழங்கை வரை நனைந்து, விரல் நுனியிலிருந்து மோர் சொட்டிக்கொண்டிருந்தது. பல வருடக் கொப்புளமும் வெடிப்பும் போன இடம் தெரியவில்லை. அவர் தலை சாய்ந்து, குழந்தையைப் போலத் தூங்கிக்கொண்டிருந்தார்.

நாச்சாயிதான் முதலில் திரும்பி ஆத்தாளைப் பார்த்தாள். சிவந்த அந்தக் குவியலில், மடியில் விரித்த கல் உள்ளங்கைகள் இரண்டு மட்டும் சுத்தமாய், ஈரமாய்த் தெரிந்தன.

"கழுவுனவங்கதான எடுத்தவங்க? அதுதான நம்மூரு மொறை?" என்றாள். "ஆத்தா இவரு கையக் கழுவியிருக்கா. எல்லாத்தையும் நான் எடுத்தேன்னு சொல்லிப்போட்டா. ஏனுங் மணியக்காரரே, இப்ப ஆரு கைய வெட்டுவீங்க?"

அரிவாள் மணியக்காரர் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

நாச்சாயி ஓடிப்போய் வீட்டு மோரைக் கொண்டுவந்து ஆத்தாளைக் கழுவத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் அவள் கை தீயாய் எரிந்தது. "இத்தனை நாளா இதையா பொறுத்துக்கிட்டிருந்தே, சாமி?" என்று மசக்காளியாரைப் பார்த்துக் கதறினாள். ஒருவர் பின் ஒருவராக ஊர் முழுவதும் கழுவியது. எரியாத கை ஒன்றுமில்லை.

அதன்பின் அவர் வலக்கையைக் கட்டிக்கொள்ளவில்லை. ஆத்தா கழுவிய கை என்று சொல்லி ஊரார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சொல்லச் சொல்லக் கையும் அப்படியே ஆனது. பிறர் பழியைத் தம் கையால் கழுவி, தம் பழியைத் தாயின் கைக்குக் கொடுத்த மசக்காளியாரின் அந்த ஈரக் கைகள் நம் தலைமேலும் சற்றே படுவதாக.