மன்னரின் அளவு நூல்

வேங்கைக்கோட்டையை ஆண்ட மாசிலாமணிராயருக்கு இரண்டு உயிர்கள். ஒன்று மகள் செங்கமலம். மற்றொன்று மடியில் செருகியிருந்த அளவு நூல்.

பகைவன் படையெடுத்து வருகிறான் என்றால்கூட அவர் பதற மாட்டார். சுவரில் மாட்டிய வாள் சற்றே சாய்ந்திருந்தால் போதும், சோறு இறங்காது. நூல் வைத்து அளப்பார், நிமிர்த்துவார், பின்னால் போய் ஒற்றைக் கண்ணால் பார்ப்பார், வந்து மறுபடி நிமிர்த்துவார். கோட்டைக் கதவைத் தாழிட்டார்களா என்று சந்தேகம் வந்துவிட்டால் இன்னும் மோசம். தாழை எடுத்துப் பார்த்து, மறுபடி போட்டு, அது சரியாக விழுந்ததா என்று மறுபடி எடுப்பார். வேங்கைக்கோட்டைக் கதவு மூடிக் கிடந்ததைவிடத் திறந்து கிடந்ததுதான் அதிகம் என்று காவலர்கள் தங்களுக்குள் சிரிப்பார்கள்.

அவருடைய அவையில் குப்பமுத்து என்றொரு புத்திசாலி இருந்தான். பிள்ளை தங்காத வீட்டில், கண் படாமல் பிழைக்கட்டும் என்று வைத்த பெயர் அது. பெயரில்தான் குப்பை. பேச்சில் தூசு தும்பு இருக்காது.

செங்கமலத்துக்குக் கல்யாணம் வந்தது. மன்னர் விடியும் முன்பே நூலோடு பந்தலில் இறங்கிவிட்டார். தோரணத்தில் மாவிலைகள் ஒரே நீளத்தில் இல்லையாம், அவிழ்த்துக் கட்டினார்கள். வாசலில் தொங்கிய திருஷ்டிப் பூசணிக்கு வரைந்த முகம் கோணலாம், கழற்றி எறிந்தார்கள். மகள் இடது கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு வந்தாள். "வலது கன்னத்துக்கு எங்கே?" என்றார் மன்னர். அங்கேயும் வைத்தார்கள். ஒன்று ஏற்றம், ஒன்று இறக்கம். துடைத்து வைத்தார்கள், மறுபடி துடைத்தார்கள். கடைசியில் மணப்பெண் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தவள்போல் நின்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். மேடையேறி ஒரு கட்டளை போட்டார்.

"குறையுள்ள எதுவும் இந்தப் பந்தலுக்குள் இருக்கக் கூடாது! பொருளானாலும் சரி, ஆளானாலும் சரி!"

காவல் தலைவன் கரியான் கட்டளையை நிறைவேற்றினான். தலைப்பாகை சரிந்த நாயனக்காரர் வெளியே போனார். முன்பல் விழுந்த சித்தப்பா வெளியே போனார். மன்னரின் பார்வை மாப்பிள்ளையின் தகப்பனார் ஆதப்பர்மேல் விழுந்தது. போரில் வாள்பட்டு அவருடைய ஒரு காது மூளியாகிவிட்டிருந்தது.

"சம்பந்தி தவறாக நினைக்கக் கூடாது. தாலி கட்டி முடியும்வரை வெளியே இருங்கள். ஒரு காதில் கடுக்கன், ஒரு காதில் ஒன்றுமில்லை. பார்க்கவே என்னவோபோல் இருக்கிறது."

ஆதப்பர் எழுந்து நடந்தார். மாப்பிள்ளை வீரபாகு மாலையைக் கழற்றினான்.

"என் அப்பா நிற்கிற இடத்தில்தான் நானும் நிற்பேன்" என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனான்.

முகூர்த்தம் கரைந்துகொண்டிருந்தது. மன்னரோ குத்துவிளக்கை நகர்த்திக்கொண்டிருந்தார். செங்கமலம் குப்பமுத்துவிடம் ஓடி வந்தாள். கண்ணீரில் இரண்டு பொட்டும் கரைந்து வழிந்தன.

"அண்ணா, அவர் போனால் போனதுதான், திரும்ப மாட்டார். ஏதாவது செய்யுங்களேன்!"

விளக்குக்காக மகளின் வாழ்க்கையை அணைக்கிற மனிதரிடம் நியாயம் பேசிப் பயனில்லை என்று குப்பமுத்துவுக்குத் தெரியும். நேரே மன்னரிடம் போனான்.

"அரசே, தங்கள் கட்டளை எல்லோருக்கும் பொருந்துமா?"

"எல்லோருக்கும்!"

"அரச குலத்தாருக்கும்?"

"யாராக இருந்தால் என்ன? குறை குறைதான்!"

"கரியா, காதில் விழுந்ததா? அரசே, அந்த நூலைக் கொஞ்சம் கொடுங்கள்."

நூல் என்றதும் மன்னர் ஆசையாக நீட்டினார். குப்பமுத்து அதை அவருடைய மீசையில் வைத்தான். வலப்பக்கம் அளந்தான். இடப்பக்கம் அளந்தான். உச்சுக்கொட்டினான்.

"என்ன? என்ன?" என்றார் மன்னர்.

"இடது மீசை ஒரு நெல்லளவு நீளம்."

மன்னர் முகம் வெளுத்தது. "நாவிதரைக் கூப்பிடு!"

"முகூர்த்த வேளையில் மணமேடையில் சவரமா? கூடாது அரசே. கரியா, கட்டளை!"

கரியான் எத்தனையோ நாள் அந்தக் கதவுத் தாழோடு மல்லுக்கட்டியவன். இப்படி ஒரு கட்டளைக்குத்தான் காத்திருந்தான்போலும். மிகுந்த மரியாதையோடு மன்னரின் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினான்.

"டேய் குப்பமுத்து! நான் பெண்ணைத் தாரை வார்க்க வேண்டாமா?"

"தாய்மாமன் இருக்கிறார் அரசே, பார்த்துக்கொள்வார். அவர் மீசையே வைப்பதில்லை. குறை சொல்ல இடமில்லை."

"அப்படியானால் நான் இங்கே நின்று என்ன செய்வது?"

"உள்ளே எல்லாம் குறையில்லாமல் இருக்கிறது. ஊர்க்கண் படும். பூசணியை எறிந்துவிட்டீர்கள், அந்த இடம் காலியாக இருக்கிறது. அங்கேயே நில்லுங்கள்."

யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். பக்கத்திலேயே மூளிக்காது ஆதப்பர் மகனோடு நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கம் நாயனக்காரர், பல் இல்லாத சித்தப்பா. உள்ளே தாய்மாமன் செம்பைக் கையில் எடுத்தார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். மன்னருக்கு அப்போதுதான் சுருக்கென்றது.

"கட்டளை ரத்து!" என்று அலறினார். "கோணலாக இருக்கட்டும், மூளியாக இருக்கட்டும், எல்லோரும் உள்ளே வாருங்கள்! சம்பந்தி, நான் பேசியது பெரிய தப்பு, மன்னித்துவிடுங்கள்!"

ஆதப்பரின் கையைப் பிடித்துக்கொண்டு அவரே முன்னால் ஓடினார். மாப்பிள்ளை மாலையை மறுபடி போட்டுக்கொண்டான். நாயனம் முழங்க, வழிந்த பொட்டோடு இருந்த செங்கமலத்தின் கழுத்தில் தாலி ஏறியது.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். வலது கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றிக் குப்பமுத்துவின் வலது கையில் போட்டார்.

"என் புத்தி தெளிந்துவிட்டது, குப்பமுத்து. இனி அந்த நூலைத் தொட மாட்டேன்."

குப்பமுத்து இரண்டு கைகளையும் நீட்டிக் கும்பிட்டான்.

"மகிழ்ச்சி, அரசே. இப்போது எனக்கும் ஒரு கை மூளி, தங்களுக்கும் ஒரு கை மூளி. நான் பொறுத்துக்கொள்வேன். தங்களால் முடியுமா?"

மன்னர் தன் கைகளைப் பார்த்தார். அவன் கைகளைப் பார்த்தார். வேறு பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பிறகு இடது காப்பையும் கழற்றிக் கொடுத்தார்.